இரவிலிருந்து தொடங்குங்கள்: விடுதி மாணவர்கள் கைபேசிப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் கைபேசியில் கரைவதைத் தாமே அறிந்து, தூக்கமும் படிப்பும் மனநிலையும் சேர்ந்து குலைவதையும் கண்டு, இரண்டு மூன்று முறை முயன்றும் விட முடியாமல் போன கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் கல்லூரி ஒன்றில் கற்பித்துக்கொண்டே விடுதித் துணைக் காப்பாளராகவும் இருந்த ஆண்டுகளில் இந்த முயற்சியை மாணவர்களோடு சேர்ந்து பல முறை செய்திருக்கிறேன். என் சொந்தக் கைபேசியிலும் செய்து பார்த்திருக்கிறேன். தோற்றவர்களில் பெரும்பாலோர் செய்த காரியங்கள் சரியானவையே. அவற்றைச் செய்த வரிசைதான் தவறாக இருந்தது.

வழக்கமாக நடப்பது இது. ஞாயிற்றுக்கிழமை இரவு வெறுத்துப்போய் இன்ஸ்டாகிராமை நீக்குகிறார்கள்; திங்களும் செவ்வாயும் பெருமையாகக் கழிகின்றன; புதன்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது அதே செயலி மீண்டும் கைபேசியில் ஏறிவிடுகிறது. செயலியை நீக்குவது கடைசிப் படிகளில் ஒன்று. அதை முதலில் செய்தால் தூக்கமின்மை அப்படியே இருக்க, அதற்குத் துணையாக இருந்தது மட்டும் போய்விடுகிறது. கீழே உள்ள படிகளுக்கு ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அலாரம் உள்ள ஒரு மேசைக் கடிகாரம், ஒரு கைக்கடிகாரம், சிறிய டார்ச் விளக்கு, ஒரு நோட்டு, விடுதி அலமாரிக்குச் சரியாகப் பூட்டும் பூட்டு ஆகிய ஐந்தும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் கைபேசியை எடுப்பதற்கான ஒரு நியாயத்தை நீக்குகின்றன. மணி பார்க்க எடுத்த கைபேசி ரீல்ஸில் போய் முடிவதையும், கழிவறைக்குப் போக வெளிச்சத்துக்காக எடுத்தது கட்டிலுக்குத் திரும்பிய பின்னும் கையிலேயே இருப்பதையும் எல்லோரும் அறிவோம். கடிகாரத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் ஐந்தாம் படியில் நிற்கவே முடியாமல் போனார்கள்; ஆகவே கடைக்குப் போய் வந்த பிறகு தொடங்குங்கள்.

பட்டன் போனுக்கு மாறிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. வகுப்பு அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, தேநீர்க் கடையில்கூட ஜிபே செய்ய வேண்டியிருக்கிறது, எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ஓடிபி கேட்கிறது. இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்காக ஒரே வாரத்தில் பழைய கைபேசி வெளியே வந்துவிடும்; அதோடு முயற்சியும் முடிந்துவிடும்.

காலமும் முக்கியம். இன்டர்னல் தேர்வு நடக்கும் வாரத்திலோ செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரத்திலோ தொடங்க வேண்டாம். பதற்றம் மிகுந்த நாட்களில் பழைய பழக்கமே கைகொடுக்கும். அப்போது ஏற்படும் தோல்வியைத் தன் இயலாமை என்று மனம் எழுதிக்கொள்ளும். வகுப்புகள் தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரம் பொருத்தமானது.

2. கைபேசிக்கு முன் மனநிலையைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். கைபேசியால் மனம் சோர்வதும் உண்டு. சோர்ந்த மனம் கைபேசியில் அடைக்கலம் தேடுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: அறையை விட்டு வெளியே வராமை, வகுப்புக்குப் போகாமை, விடியும் வரை எரியும் திரை. இரண்டாம் வகையினரிடமிருந்து முதலில் கைபேசியைப் பிடுங்கினால், அவர்கள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளையை வெட்டியதாகிவிடும்.

மனச்சோர்வைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால், இந்த வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஓர் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். இறந்துவிடலாம், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள். இது நோயை உறுதிசெய்யும் கருவி அன்று. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பதை முடிவுசெய்ய மட்டுமே உதவும்.

பேசுவதற்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை அது; கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குச் செல்லலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் 2014 முதல் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது.

இங்கே இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம்களுக்கு அடிமையாகும் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. கைபேசி அடிமைத்தனம் என்று ஒரு நோய் அதில் இல்லை. ஆகவே "நான் அடிமை" என்று உங்களுக்கு நீங்களே முத்திரை குத்திக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. அந்த முத்திரையைக் குத்திக்கொண்டவர்கள் முதல் சறுக்கலிலேயே கைவிட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அடிமைக்கு வேறென்ன கதி என்ற நினைப்பு முன்னே வந்து நிற்கிறது.

பணம் வைத்து ஆடும் விளையாட்டோ, கடன் செயலியோ, யாராவது படத்தைக் காட்டி மிரட்டுவதோ உங்கள் கதையில் இருந்தால், அது இந்தப் படிகளுக்குள் அடங்காது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுவதும் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகும் அத்தகைய இணைப்புகள் மாணவர்களிடம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, மோசடியோ மிரட்டலோ இருந்தால் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள்.

3. ஏழு நாட்கள் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு கைபேசியில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்க்ரீன் டைம் என்ற பகுதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான்கு எண்களை நோட்டில் எழுதுங்கள்: மொத்த நேரம், அதிக நேரம் எடுத்த மூன்று செயலிகள், எத்தனை முறை எடுத்தீர்கள் என்ற எண்ணிக்கை, இரவு பத்தரைக்குப் பின் ஓடிய நிமிடங்கள்.

நான்காவது எண்ணை எடுக்க ஓர் எளிய வழி உண்டு. இரவு பத்தரைக்கு அன்றைய மொத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் முந்தைய நாளின் இறுதி மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, நள்ளிரவுக்குப் பின் ஓடிய நேரத்தைக் கூட்டுங்கள். கணக்கு நள்ளிரவில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுவதால், இரண்டு மணி வரை விழித்திருந்தவருக்கு அந்த இரண்டு மணி நேரம் அடுத்த நாளின் கணக்கில் ஏறிவிடும். பலர் தங்கள் இரவுப் பயன்பாட்டைப் பாதியாக மதிப்பிடுவது இதனால்தான்.

இந்த எண்களுக்கு அருகே தூங்கிய நேரத்தையும், அன்றைய மனநிலைக்கு ஒன்று முதல் பத்துக்குள் ஒரு மதிப்பெண்ணையும் எழுதுங்கள். வெறும் மணிக்கணக்கு எதையும் சொல்லாது; எந்த நாளில் மனம் தாழ்ந்தது, அன்று எது கூடியது என்பது ஏழு வரிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அளவெடுக்கும் வாரத்திலேயே வெட்கப்பட்டுக் குறைக்கத் தொடங்குவதுதான் இங்கே அடிக்கடி நேரும் தவறு. எடை பார்க்கும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பது போன்றது அது. உண்மையான எண் வேண்டும். அது ஒன்பது மணி நேரமாக இருந்தாலும் எழுதுங்கள். நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை.

விரும்பினால் 2013இல் கொரியாவில் உருவாக்கப்பட்ட பத்து வாக்கியங்கள் கொண்ட கைபேசி அடிமைத்தன அளவுகோலையும் நிரப்பலாம். அதில் மொத்தம் 60 மதிப்பெண். ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்று அவர்கள் வகுத்த எல்லைகள் கொரியப் பதின்வயதினரை வைத்து எடுக்கப்பட்டவை. ஆகவே அவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், ஆறு வாரம் கழித்து அதே தாளை நிரப்பி ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

4. எதிலிருந்து தப்பிக்க எடுக்கிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

ஏழு நாள் நோட்டைப் பார்த்து, அதிகம் ஓடிய நேரங்களுக்கு எதிரே ஒரு சொல் எழுதுங்கள்: சலிப்பு, தனிமை, பயம், களைப்பு. எனக்குத் தெரிந்தவரை இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் பொருந்திவிடும்.

இவற்றில் பயத்தைத்தான் மாணவர்கள் மிகக் குறைவாக ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் நோட்டில் செவ்வாயும் வியாழனும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை தவறாமல் உயர்ந்தது. அந்த நேரத்தில் என்ன வகுப்பு என்று கேட்டேன். அவர் ஏற்கெனவே அரியர் வைத்திருந்த கணிதத் தாளின் தொடர்ச்சி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு ஆங்கிலத்தில் ஓடும் வகுப்பு பத்தாம் நிமிடத்திலேயே கைநழுவிவிடுகிறது. எழுந்து கேட்கக் கூச்சம். பெஞ்சுக்கு அடியில் கைபேசி இருக்கிறது. அவருக்கு எந்தச் செயலிக் கட்டுப்பாடும் பயன்பட்டிருக்காது. அந்தத் தாளைத் தமிழில் சொல்லித்தரும் ஒரு சீனியரைப் பிடித்த பிறகுதான் அந்த இரண்டு மணி நேரம் தானாக இறங்கியது.

தனிமை முதலாண்டில் மிகுதி. வீட்டையும் பள்ளித் தோழர்களையும் விட்டு வந்தவர்கள் பழைய நண்பர்களின் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டே புதிய அறைத்தோழருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார்கள். சலிப்பு என்பது மெஸ் வரிசை, பேருந்து, ஆசிரியர் வராத வகுப்பு. களைப்பு பெரும்பாலும் முந்தைய இரவின் கடன். அதற்கு மருந்து அடுத்த படியில் இருக்கிறது.

சொல்லைக் கண்டுபிடித்தால் போதும். இந்தக் கட்டத்தில் அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். எட்டாம் படியில் அது தேவைப்படும்.

5. இரவை மீட்டெடுங்கள்: இரண்டு வாரம் இது ஒன்றுதான்

வேறு எதையும் தொடாமல் முழுதாக இரண்டு வாரத்தை இதற்குக் கொடுங்கள். காரணம் எளிது: தூங்காத மூளையால் மற்ற எந்தப் படியையும் காப்பாற்ற முடியாது. தூக்கம் குறைந்த மறுநாள் எரிச்சலும் கவனக் குறைவும் கூடுகின்றன. அவற்றைத் தணிக்க மனம் எளிய இன்பத்தைத் தேடுகிறது. கையெட்டும் தூரத்தில் அது இருக்கிறது. இரவு மீண்டும் நீள்கிறது. இந்த வட்டத்தை அறுக்க மிக எளிதான இடம் இரவு. பகலில் கைபேசிக்கு நூறு நியாயம் சொல்லலாம். நள்ளிரவு ஒன்றரைக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில், கைபேசி இரவைக் கழிக்கும் இடத்தை மாற்றுங்கள். பெரும்பாலான விடுதி அறைகளில் பிளக் பாயின்ட் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சார்ஜர் இருக்கும் இடத்தில்தான் கைபேசி இருக்கும். ஆகவே மாலையிலேயே சார்ஜ் ஏற்றிவிட்டு, குறித்த நேரத்தில் கைபேசியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். அறையின் மறுகோடியில் சார்ஜ் போடலாமே என்பார்கள். பொது விடுதியில் காணாமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே ஐந்து முறை எழுந்து பார்ப்பார்கள். பூட்டிய அலமாரி இரண்டு கவலைகளையும் தீர்க்கிறது. பவர் பேங்க் தலையணைக்கு அடியில் இருந்தால் இந்த ஏற்பாடு பயனற்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவதாக, நேரம். இப்போது ஒன்றரை மணிக்குத் தூங்குபவர் முதல் நாளே பத்து மணி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. படுத்தும் தூக்கம் வராது. இருட்டில் விழித்துக் கிடக்கும் அந்த மூன்றரை மணி நேரம் அவரைத் தோற்கடித்துவிடும். முதல் மூன்று நாட்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டே முக்கால், அடுத்த மூன்று நாட்களுக்குப் பன்னிரண்டு என்று முக்கால் மணி நேரமாகக் குறைத்து வந்தால் இரண்டாம் வாரத்தில் பத்தரை, பதினொன்றுக்கு வந்துவிடலாம். எழும் நேரத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். படுக்கும் நேரம் எழும் நேரத்தைப் பின்பற்றி வரும்; அதை எதிர்த்திசையில் இழுக்க முடியாது.

மூன்றாவதாக, அலமாரியைப் பூட்டும் முன் முடிக்க வேண்டிய அழைப்புகளை முடியுங்கள். வீட்டிலிருந்து ஒன்பது மணிக்கு வரும் அழைப்பை எட்டரைக்கு நீங்களே எடுத்துச் செய்துவிடலாம். காதலர்கள் இருவரும் பேசும் நேரம்தான் கடினமான பகுதி. நள்ளிரவு அழைப்பை ஒருவர் மட்டும் வெட்டினால் அது சண்டையில் முடியும். திட்டத்தை முன்கூட்டியே சொல்லி, மாலை நடைக்கு அந்த உரையாடலை மாற்றிக்கொண்டவர்கள்தான் நிலைத்தார்கள். வீட்டில் யாருக்காவது உடல்நலமில்லை என்றால் அறைத்தோழரின் எண்ணை அவசரத்துக்கென்று அவர்களிடம் கொடுத்துவையுங்கள்.

முதல் மூன்று நான்கு இரவுகள் அமைதியின்மையும் எரிச்சலும் இருக்கும். கைபேசி அதிர்ந்தது போலவே தோன்றும். இது எதிர்பார்க்க வேண்டியதுதான். இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லை என்றால் கட்டிலை விட்டு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் ஏதாவது படித்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். விழித்துக்கொண்டே கட்டிலில் கிடந்தால், கட்டில் என்றாலே விழிப்பு என்று உடல் பழகிக்கொள்ளும். மாலை ஐந்துக்குப் பின் டீ, காபி வேண்டாம்; மதிய உணவுக்குப் பிறகு அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் தூங்கினால் அன்றிரவு எந்த ஏற்பாடும் வேலை செய்யாது.

நீல ஒளியை மட்டும் குற்றம் சொல்லி, திரையை மஞ்சளாக்கிவிட்டு விடியும் வரை பார்ப்பவர்கள் உண்டு. ஒளிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் பார்ப்பது உங்களைக் கிளறிவிடுவதும், பார்க்கும் நேரம் தூக்கத்தின் நேரத்தை அப்படியே தின்பதும் அதைவிடப் பெரிய காரணங்கள். மஞ்சள் திரை இவ்விரண்டையும் தொடுவதில்லை.

அறையில் நால்வர் இருந்தால் நால்வரையும் சேர்க்க முயல வேண்டாம். ஒருவர் மட்டும் உடன்பட்டால் போதும். இருவரின் கைபேசியும் ஒரே அலமாரியில், சாவி மற்றவரிடம். நானே ஓராண்டு முதலாண்டு மாணவர்களின் கைபேசிகளைப் பத்து மணிக்கு வாங்கி வைக்கும் திட்டத்தை நடத்தினேன். மூன்றாம் வாரத்தில் என் மேசையில் இருந்தவற்றில் பாதி, ஆன் ஆகாத பழைய கைபேசிகள். கட்டாயப்படுத்தி வாங்கினால் இரண்டாவது கைபேசி முளைக்கும். பெற்றோரும் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

6. காலையின் முதல் அரை மணி நேரம்

இது மூன்றாம் வார இறுதியில். எழுந்து, பல் துலக்கி, மெஸ்ஸில் உணவு முடித்த பிறகு அலமாரியைத் திறங்கள். கடிகாரம் எழுப்புவதால் கைபேசி தேவைப்படாது; இரவு அலமாரியில் இருப்பதால் கைக்கும் எட்டாது. முந்தைய படி நிலைத்துவிட்டால் இது ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும். எட்டரை மணிக்கு வகுப்பு ரத்தான செய்தி வருமே என்பவர்கள், அறைத்தோழரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

7. நோட்டிபிகேஷன்களைக் களையுங்கள்

நான்காம் வாரம் ஒரு மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, எல்லாச் செயலிகளின் நோட்டிபிகேஷன்களையும் நிறுத்துங்கள். பிறகு மனிதர்கள் நேரடியாக உங்களைக் கூப்பிடுபவற்றை மட்டும் திரும்ப அனுமதியுங்கள்: தொலைபேசி அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப்பில் தனிச்செய்திகள், வகுப்புப் பிரதிநிதி அறிவிப்பு போடும் குழு. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போவதைவிட, எல்லாவற்றையும் நிறுத்தித் தேவையானதைச் சேர்ப்பது விரைவானது. முந்தைய வழியில் எதை விட்டாலும் அது தப்பித்துவிடும்.

வகுப்புக்கு மூன்று வாட்ஸ்அப் குழுக்கள் இருப்பது வழக்கம்: ஆசிரியர் இருக்கும் ஒன்று, இல்லாத ஒன்று, பிறந்தநாள் திட்டமிட ஒன்று. முதலாவதைத் தவிர மற்றவற்றை நிரந்தரமாக மியூட் செய்து, ஆர்க்கைவில் போடுங்கள். குழுவை விட்டு வெளியேற வேண்டாம். வெளியேறினால் விளக்கம் கேட்பார்கள், அதற்கே ஓர் இரவு போகும்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியையும் இப்போது போட்டுப் பார்க்கலாம். சிலருக்கு உதவுகிறது, உதவவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

8. காலியாகும் நேரத்துக்கு மாற்றுகளை முன்பே அமையுங்கள்

செயலிகளைத் தொடும் முன் இதைச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்தைக் காலி செய்துவிட்டு அங்கே என்ன செய்வது என்று பிறகு யோசித்தால், யோசிப்பதற்கே கைபேசியை எடுப்பீர்கள். நான்காம் படியில் எழுதிய சொல்லை எடுத்து, அதற்கேற்ப ஒரே ஒரு மாற்றைத் தேர்ந்தெடுங்கள்.

தனிமை என்று எழுதியவர்களுக்கு மாலை ஐந்து முதல் ஆறு வரை மைதானம்; ஆடத் தெரியாவிட்டால் கேரம், அதுவும் இல்லையென்றால் ஒருவரோடு நடை. என்எஸ்எஸ், நூலகக் குழு என எதிலாவது வாரத்தில் ஒரு நாள் வந்தே ஆக வேண்டும் என்ற கடமை இருந்தால் இன்னும் நல்லது. யாரோ எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பது மனவுறுதியைவிடப் பலமானது. பயம் என்று எழுதியவர்கள் அந்தத் தாளின் முதல் அலகிலிருந்து தினமும் இருபது நிமிடம், ஒரு துணையோடு படியுங்கள். தனியாகப் படிக்கும் திட்டம் வேண்டாம். ஏற்கெனவே தனியாக முயன்று தோற்ற இடம் அது. சலிப்புக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மெஸ் வரிசையில் சும்மா நின்று பழகுங்கள். முதல் வாரம் அது விசித்திரமாக இருக்கும்.

ஒரே நேரத்தில் கிதார், ஜிம், ஜெர்மன் மொழி என்று மூன்றைத் தொடங்கியவர்கள் பத்து நாட்களில் மூன்றையும் விட்டார்கள். காலியான இடத்தை ரீல்ஸ் மறுபடி எடுத்துக்கொண்டது.

9. இப்போது செயலிகள்

ஆறாம் வாரத்துக்கு வந்திருக்கிறீர்கள். செயலிகளுக்கு நேர வரம்பு வைப்பதைப் பலர் முதல் நாளே செய்து ஏமாறுகிறார்கள். ஏமாற்றம் எங்கே இருக்கிறது என்றால், வரம்பின் கணக்கும் நள்ளிரவில் புதிதாகத் தொடங்குகிறது. ஒரு மணி நேர வரம்பு வைத்தவர் பதினொன்றே முக்காலுக்குத் தன் பங்கை முடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் காத்திருந்தால், மிக மோசமான நேரத்தில் இன்னொரு மணி நேரம் அன்பளிப்பாகக் கிடைக்கிறது. கைபேசி அந்த நேரத்தில் அலமாரியில் இருந்தால் மட்டுமே வரம்புக்குப் பொருள் உண்டு. ஐந்தாம் படி முன்னே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐபோனில் இந்த வரம்புக்குக் கடவுச்சொல் போட்டு அதைத் தோழரிடம் கொடுக்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வரம்பை இரண்டு தொடுகையில் நீக்கிவிடலாம். ஆகவே அங்கே வேறு வகைத் தடை வேண்டும். செயலியை நீக்குங்கள், நீக்கினால் கணக்கு அழியாது. கடவுச்சொல்லை நினைவில் நிற்காத நீளமான ஒன்றாக மாற்றி, தாளில் எழுதி, பெட்டியின் அடியில் வையுங்கள். கைபேசியின் உலாவியிலோ கூகுள் கணக்கிலோ அது சேமிக்கப்பட்டிருந்தால் அங்கிருந்தும் நீக்கிவிடுங்கள். பார்க்க வேண்டுமானால் மடிக்கணினியின் உலாவியில், உட்கார்ந்து, பாருங்கள். முற்றாகத் தடுப்பது நோக்கமன்று. ஆசைக்கும் செயலுக்கும் நடுவே இரண்டு நிமிடம் இருந்தால் பெரும்பாலான ஆசைகள் அதற்குள் அடங்கிவிடும்.

முற்றிலும் விலக வேண்டியதில்லை என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடமாக மூன்று வாரம் குறைத்தார்கள். வழக்கம்போல் பயன்படுத்தியவர்களோடு ஒப்பிட, அவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. குறைத்தார்கள், விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

யூடியூபை நீக்க முடியாது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் அங்கேதான் இருக்கின்றன. பார்த்தவை பற்றிய வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்திவிடுங்கள். 2023 முதல், வரலாறு இல்லாத கணக்குக்கு முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வருவதில்லை. தேடினால் பாடம் கிடைக்கும். தேடாமல் முகப்பில் எதுவும் வந்து விழாது. இந்த வழிகாட்டியில் மிகக் குறைந்த உழைப்புக்கு மிகுந்த பலன் தருவது இதுதான் என்பது என் எண்ணம்.

10. படிக்கும் மேசை

2017இல் வெளியான ஓர் ஆய்வில், கைபேசி சத்தமின்றி மேசையில் கவிழ்ந்து கிடந்தாலே நினைவுச் சோதனைகளில் மதிப்பெண் குறைந்ததாகவும், வேறு அறையில் இருந்தவர்கள் நன்றாகச் செய்ததாகவும் சொல்லப்பட்டது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை இரண்டு மாலைகளில் சோதித்துவிடலாம்: ஒரே வகைக் கணக்குகளை ஒரு நாள் கைபேசியோடும் மறுநாள் அலமாரியில் பூட்டிவிட்டும் போட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை முடிந்தன என்று எண்ணுங்கள்.

குறிப்புகள் எல்லாம் கைபேசியில் படங்களாக இருக்கின்றன என்பதே இங்கே எழும் உண்மையான தடை. அலகு முடிந்ததும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பைத் திறப்பதற்கும் அதே வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் பார்ப்பதற்கும் நடுவே ஒரு விரலசைவுதான் இருக்கிறது. கணக்குப் போடக் கைபேசி வேண்டாம். தேர்வுக்கு எடுத்துச் செல்லும் கால்குலேட்டரையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் கையும் பழகும்.

11. வழுக்கிய பிறகு

வழுக்குவீர்கள். ஐபிஎல் பருவம், தேர்வு முடிந்த இரவு, விடுமுறைக்கு வீட்டுக்குப் போன முதல் வாரம், நேர்முகத் தேர்வில் பெயர் வராத நாள் ஆகியவை வழக்கமான இடங்கள். இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பியவர்கள் இருபத்தைந்தாம் நாள் வழுக்கியதும் தங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். லண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவே ஒரு நாள் தவறியது முடிவைப் பாதிக்கவுமில்லை.

ஆகவே வழுக்கிய மறுநாள் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டாம். செயலிகளையும் தொட வேண்டாம். அன்றிரவு கைபேசி அலமாரிக்குள் போக வேண்டும், மறுநாள் வழக்கமான நேரத்துக்கு எழ வேண்டும், அவ்வளவுதான். தொடர்ந்து ஐந்து இரவு நின்றால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. ஊருக்குப் போகும்போது கடிகாரத்தையும் பையில் வையுங்கள். பலர் அதை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆறாம் வாரம் முடிந்ததும் ஏழு நாட்கள் மறுபடி அளந்து, நோட்டின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மொத்த நேரம் இறங்காமலேயே இரவு நிமிடங்கள் இறங்கி, தூக்கமும் மனநிலை மதிப்பெண்ணும் ஏறியிருந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இரவு நிமிடங்கள் இறங்கியும் மனநிலை மட்டும் ஏறவே இல்லை என்றால், காரணம் கைபேசியாக இல்லாமல் இருக்கலாம். பிஎச்க்யூ-9 தாளை மீண்டும் நிரப்பி, அதை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கச் செல்லுங்கள்.